ஒட்டாவா கால்வாயில விழுந்து எந்திரிச்ச கதை

போறதுக்கு முந்துன ஞாயித்துக்கிழமை, டொராண்டோ

மொதல்ல ஏன் இந்த டிரிப்புன்னு சொல்லிடுறேன். 2023 ஜனவரியில நானும் என் அப்போதைய ரூம்மேட்டும் (மதுரைக்காரன், ஸ்கூல்ல இருந்தே ஒண்ணா சுத்துனவன், இனிமே மாப்ளன்னே எழுதுறேன்) ஒட்டாவா ரிடோ கால்வாய்ல ஸ்கேட்டிங் போகணும்னு ஹோட்டல்லாம் புக் பண்ணி வெச்சிருந்தோம். 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாயே உறைஞ்சு போய் ரோடு மாதிரி கெடக்கும், ஊர் சனமே அதுல வழுக்கிட்டுப் போகும்னு வீடியோ பாத்துப் பாத்து வெறி ஏறிப்போச்சு. அந்த வருஷம் பாத்து குளிர் ஏமாத்திடுச்சு. 1971 விண்டர்ல ஆரம்பிச்சதுல இருந்து மொத தடவையா சீசன் முழுக்க ஒரு நாள் கூட தொறக்கல. அடுத்த விண்டர்ல மொத்தமே பத்து நாள் கணக்குதான் தொறந்திருந்துச்சு, நாங்க லீவு கேட்டு மேனேஜர் பதில் போடுறதுக்குள்ள மூடிட்டாங்க. அதுக்குள்ள மாப்ளையோட அப்பாவுக்கு ஒடம்பு முடியாம போய், அவன் மூட்டையக் கட்டிட்டு ஊருக்கே போயிட்டான். போறப்ப ஏர்போர்ட்ல வெச்சு சொன்னது, "அந்த வாய்க்காலு தொறந்தா எனக்காக ஒரு ரவுண்டு போயிட்டு வாடா"ன்னு.

இந்த 2025ல ஜனவரியிலயே தொறந்துட்டாங்க. சரி விடக்கூடாதுன்னு ஆள் சேத்தாச்சு. புது ரூம்மேட் திருச்சித் தம்பி, ஆபீஸ்ல எங்க டீம் கோயமுத்தூர் அக்கா, அப்புறம் ஸ்கார்பரோவுல எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்குற யாழ்ப்பாணத்து அண்ணா, அவரோட 11 வயசு மக. வேன் அண்ணாவோடது, ஸ்கேட்டிங் தெரிஞ்ச ஒரே ஆள் அந்தப் பாப்பா.

அதனால இன்னைக்கு ரிகர்சல். டொராண்டோ சிட்டி ஹால் முன்னாடி நேதன் பிலிப்ஸ் ஸ்கொயர்ல ஒரு ஐஸ் ரிங்க் இருக்கு, ரெண்டு வளைஞ்ச கட்டடம் எதிரெதிரா நிக்கும்ல, அதுக்குக் கீழ. அடியில குழாய் ஓட்டி குளிரூட்டித் தண்ணிய உறைய வெக்கிற ரிங்க். ஸ்கேட்ஸ் வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கிட்டு எறங்குனா, கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்சு ரசம் கொட்டுன தரையில தண்ணி ஊத்திவிட்டிருப்பாங்கள்ல, அதுல ரெண்டு கையிலயும் வாளியோட நடக்குற மாதிரி இருக்கு. கம்பியப் பிடிச்சுக்கிட்டே ஒன்றரை ரவுண்டு. பாப்பா பின்னாடியே வந்து பாடம் எடுத்துச்சு. "மாமா, முழங்காலை மடியுங்கோ. கீழ பாக்காதேங்கோ. விழப்போறீங்க எண்டா பக்கவாட்டில விழுங்கோ, பின்னால விழக்கூடாது. விழுந்த உடன விரலை மடிச்சுக் கொள்ளுங்கோ, ஆராவது மேல ஏறிப் போயிடுவினம்." இந்தக் கடைசிப் பாடத்தக் கேட்டதுக்கு அப்புறம் நான் கம்பிய விடவே இல்ல.

வெள்ளி, ஒட்டாவா ஹோட்டல், ராத்திரி 11 மணி

காலையில பத்து மணிக்குக் கெளம்ப வேண்டியது பன்னெண்டு ஆயிடுச்சு, வழக்கம்தான். அண்ணா வீட்டு அண்ணி ஒரு பெரிய டப்பா நெறைய மட்டன் ரோல்ஸ் கட்டிக் குடுத்தாங்க, கோயமுத்தூர் அக்கா புளிசாதமும் உருளைக்கிழங்கும், நான் வாழைப்பழம் (சிரிக்காதீங்க, பேச்சிலர்). 401 ஹைவேயில ஏறுனா கெழக்காம நேரா ஓட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான், மொத்தம் 450 கிலோமீட்டர் இருக்கும், ரெண்டு பக்கமும் வெள்ளை, அதுக்கு மேல சாம்பல் வானம். சொல்ல ஒண்ணுமில்ல.

வண்டிக்குள்ளதான் சுவாரசியம். திருச்சித் தம்பி பிஸிக்ஸ் படிச்சவன், ஐஸ் ஏன் வழுக்குதுன்னு ஆரம்பிச்சுட்டான். நம்ம புத்தகத்துல என்ன படிச்சோம், பிளேடு அழுத்துறதுல ஐஸ் உருகித் தண்ணியாகி வழுக்குதுன்னு. அவன் சொல்றான், "அண்ணே, கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு ஆளோட எடையில ஐஸோட உருகுநிலை கொஞ்சூண்டுதான் எறங்கும், மைனஸ் 14ல அதெல்லாம் பத்தவே பத்தாது. சும்மா நிக்கிற ஐஸோட மேல்தோலுலயே மூலக்கூறெல்லாம் கெட்டியா பிடிச்சுக்காம லூசா அலையுமாம், 1850லயே ஃபாரடே அதக் கண்டுக்கிட்டாரு." கோயமுத்தூர் அக்கா ரோல்ஸ் சாப்ட்டுக்கிட்டே, "ஏன் தம்பி, இதெல்லாம் தெரிஞ்சா விழாம இருக்கலாமுங்களா?"ன்னாங்க. தம்பி அதுக்கப்புறம் கிங்ஸ்டன் வரைக்கும் பேசல.

கிங்ஸ்டன்ல டீக்கு நிறுத்துனோம். நாளைக்கு நாங்க ஆடப்போற கால்வாயோட இன்னொரு முனை இதுதான். இங்க இருந்து ஒட்டாவாவுக்கு 202 கிலோமீட்டர், ஆறு ஏரியெல்லாம் கோத்து கட்டுனது, 1826ல ஆரம்பிச்சு 1832ல முடிச்சிருக்காங்க. 1812ல அமெரிக்காவோட சண்டை வந்துச்சு, செயின்ட் லாரன்ஸ் ஆத்துல படகு போனா எதிர்க்கரையில இருந்தே அமெரிக்காக்காரன் சுட்டுருவான்ங்கிற பயம், அதனால உள்ளார ஒரு பாதை வேணும்னு கர்னல் ஜான் பைங்கிற இஞ்சினியர அனுப்பி பிரிட்டிஷ்காரன் வெட்டுனது. கடைசியில அவங்க பயந்த அடுத்த போர் வரவே இல்ல. ஆனா வெட்டப் போனதுல ஏறக்கொறைய ஆயிரம் பேர் செத்துப் போனாங்க, அயர்லாந்துல இருந்து வந்த கூலிக்காரங்க, பிரெஞ்சுக் கனடாக்காரங்க. எதுலன்னு நெனைக்கிறீங்க, குளிர்லயா? பெரும்பாலும் மலேரியாவுல! இந்த ஊர்ல, மூக்கு உறைஞ்சு போற ஊர்ல, கோடைக்காலத்துல சதுப்பு நெலத்துல வேலை பாத்தவங்கள கொசு கடிச்சுக் கொன்னுருக்கு. எனக்கு இது ரொம்ப நேரம் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டிருந்துச்சு.

அண்ணா அதக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார். "கால்வாய் வெட்டினவன் ஒருத்தன், அதில விளையாடுறவன் இன்னொருத்தன், எல்லா இடமும் அப்பிடித்தானே." அவர் 90கள்ல வந்தவர், வந்த மொத ரெண்டு மூணு விண்டர் ராத்திரி ராத்திரியா கடை பார்க்கிங்ல உப்புத் தூவுற வேலை பாத்திருக்கார். "ஐஸை நான் உப்புப் போட்டு உருக்கினனான், அதுக்கு மேல ஏறி ஆடினது கிடையாது"ன்னு சிரிக்கிறார். நாளைக்கும் ஸ்கேட்ஸ் போடமாட்டாராம், பூட்ஸோட நடந்து வருவாராம், பிளாஸ்க்ல பிளேன்டீ கொண்டு வருவாராம்.

416 ஹைவேயில திரும்புறப்பவே இருட்டிடுச்சு. ஒரு நாளைக்கு பத்து தடவை போன்ல பாத்துக்கிட்டே வந்தேன், ஐஸ் தொறந்திருக்கா மூடியிருக்கான்னு. பச்சைக்கொடின்னா போகலாம், செவப்புன்னா கூடாது. தூங்கப் போறப்ப பச்சை.

சனி, ஒடம்பு முழுக்க வலி நிவாரணித் தைலம்

மதியம் ஒரு மணி, மைனஸ் 14. நான் போட்டிருந்தது ரெண்டு தெர்மல், ஒரு சட்டை, ஸ்வெட்டர், ஜாக்கெட், ரெண்டு சாக்ஸ். ரெண்டு சாக்ஸ் போடக்கூடாதுன்னு பாப்பா கழட்ட வெச்சுது, கால் நெருக்கிப் பிடிச்சா ரத்த ஓட்டம் நின்னு இன்னும் ஜாஸ்தியா குளிருமாம். ஃபிஃப்த் அவென்யூ பக்கம் படிக்கட்டுல எறங்குனோம். எறங்குற வரைக்கும் அது ஒரு வாய்க்கால்தான்னு தோணுது, ரெண்டு பக்கம் கரை, மேல பாலம், கரையோரம் கார் போகுது. எறங்கிக் காலை வெச்சா தரை. அவ்ளோதான். பயமா இருக்கும்னு நெனச்சேன், ஒண்ணுமே தோணல, அது வேற மாதிரி பயமா இருந்துச்சு.

இங்க என் முட்டாள்தனம் ஒண்ண ஒத்துக்கணும். வாடகை மிச்சம்னு புதன்கிழமை ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட பழைய ஹாக்கி ஸ்கேட்ஸ் வாங்கியிருந்தேன், போன வாரம்தான் சாணை பிடிச்சதுன்னு அந்தாளு சொன்னார். பெஞ்சுல உக்காந்து லேஸ் கட்டிக்கிட்டிருக்கேன், பாப்பா ஒரு காலைத் தூக்கிப் பிடிச்சு கட்டைவிரல் நகத்த பிளேடு ஓரத்துல குறுக்கால வெச்சு இழுத்துச்சு. நகம் சீவுனா மாவு மாதிரி வெள்ளையா கொஞ்சம் ஒட்டணுமாம். ஒண்ணும் ஒட்டல. இன்னொரு கால், அதுவும் அப்படித்தான். "மாமா, இது பட்டர் கத்தி." எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம்தான் தெரியுது, இந்த பிளேடோட அடிப்பக்கம் தட்டையா இருக்காது, நடுவுல நீளவாக்குல மெல்லிசா பள்ளம் ஓடும், அதனால ஒரே பிளேடுக்கு உள் ஓரம் ஒண்ணு வெளி ஓரம் ஒண்ணுன்னு ரெண்டு கூர் இருக்கும், நாம சாய்ஞ்சா ஒரு ஓரம் ஐஸைக் கடிச்சுப் பிடிக்கும், அதுல உந்தித்தான் முன்னாடி போறதே. ரெண்டும் மழுங்கிட்டா ஐஸ்ல குடத்தை உருட்டிவிட்ட மாதிரி எந்தப் பக்கம் வேணாலும் போகும். நல்லவேளை பக்கத்துலயே சாணை பிடிச்சுக் குடுக்குற எடம் இருந்துச்சு. அந்த மெஷினோட கிர்ர்ர் சத்தமும் நெருப்புப் பொறியும் பாத்தப்ப, எங்க தெருவுல சைக்கிள ஸ்டாண்டு போட்டு மிதிச்சுக்கிட்டே அருவாமனைக்கு சாணை பிடிக்கிறவர் ஞாபகம் வந்து, அரை மணி நேரம் வேஸ்ட் ஆனதுகூட பெருசாத் தெரியல.

சரி, ஐஸ். தூரத்துல பாத்தா வெள்ளை, கிட்டக்க குனிஞ்சு பாத்தா (நான் அடிக்கடி கிட்டக்கப் பாத்தேன், மூக்கு ஒரு சாண் தூரத்துல) அப்படி இல்ல. சில எடத்துல பால் கலந்த மாதிரி, சில எடத்துல கறுப்புக் கண்ணாடி, அதுக்குள்ள காத்துக் குமிழி அடுக்கடுக்கா நின்ன எடத்துலயே நிக்குது. விரிசல் நெறைய. தம்பி ஒரு விரிசலப் பாத்து நின்னுட்டான். அண்ணா வந்து, "பாரும், அந்தக் கோடு எவ்வளவு ஆழத்துக்குக் கீழ போகுது எண்டு தெரியுதல்லோ, அவ்வளவு கனம் ஐஸ்"னார். உண்மைதான், வெள்ளைத் திரை மாதிரி விரிசல் உள்ள எறங்கிக்கிட்டே போகுது. கொறஞ்சது 30 சென்டிமீட்டர் இருந்தாத்தான் ஆளை விடுவாங்களாம். ஸ்கூல்ல வெச்சிருந்தோமே ஒரு அடி ஸ்கேல், அத நட்டமா நிறுத்துன உயரம். அதுவும் தானா உறைய விட்டு சும்மா இருக்குறதில்ல, இலையுதிர் காலத்துலயே கால்வாய்த் தண்ணிய எறக்கிடுறாங்க, உறைஞ்சதுக்கு அப்புறம் மேல விழுற ஸ்னோவ வழிச்சுத் தள்ளிக்கிட்டே இருக்காங்க (ஸ்னோ கம்பளி மாதிரி மூடிக்கிட்டா கீழ ஐஸ் தடிக்காது), ராத்திரி கால்வாய்த் தண்ணியவே மேல பாய்ச்சி வழவழன்னு ஆக்குறாங்க. 1971ல மொத மொத துடைப்பமும் மண்வெட்டியும் வெச்சுத்தான் சுத்தம் பண்ணி சனத்த விட்டாங்களாம்.

என்ன விதமான ஆளுங்க! முதுகுல லேப்டாப் பையோட ஒருத்தர் சனிக்கிழமையிலயும் ஆபீஸ் போற வேகத்துல போறார். கைக்குழந்தையைக் கம்பளியில சுத்தி சறுக்குவண்டியில வெச்சு அம்மா தள்ளிட்டுப் போறாங்க, குழந்தை தூங்குது. எழுபது வயசுக்கு மேல இருக்கும் ஒரு தாத்தா பாட்டி, கையக் கோத்துக்கிட்டு ரெண்டு பேர் காலும் ஒரே தாளத்துல வலது இடது வலது இடதுன்னு, பேசிக்கிட்டே எங்களத் தாண்டிப் போனாங்க. போறப்ப விழுந்து கெடந்த என்னைப் பாத்து அந்தப் பாட்டி கட்டைவிரலத் தூக்கிக் காட்டுனாங்க.

நான் எண்ணி ஒம்போது தடவை விழுந்தேன். மொத ரெண்டு நின்ன எடத்துலயே. நாலாவது தடவை பேங்க் ஸ்ட்ரீட் பாலத்துக்குக் கீழ, எப்படி நிக்கிறதுன்னு தெரியாம நேரா ஓரத்துல குவிச்சிருந்த ஸ்னோ மேல போய் பாய்ஞ்சுட்டேன், அது நல்ல டெக்னிக்னு அப்புறம் தம்பியும் அதையே பண்ணான். கோயமுத்தூர் அக்கா விழவே இல்ல, ஆனா நகரவும் இல்ல, "நா இப்படியே நிக்கறனுங்க, நீங்க போய்ட்டு வாங்க"ன்னு நின்னாங்க, அப்புறம் பாப்பா ரெண்டு கையையும் பிடிச்சுப் பின்பக்கமா போய்க்கிட்டே அவங்கள இழுத்துட்டுப் போச்சு.

மூணு மணிக்குள்ள ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. நடக்குற மாதிரி காலை முன்னாடி தூக்கி வெச்சுக்கிட்டே இருந்தேன், அதுதான் தப்பு. முன்னாடி வெக்கக்கூடாது, பக்கவாட்டுல தள்ளணும், தள்ளிட்டு இன்னொரு கால் மேல மொத்த எடையும் போட்டு சும்மா இருக்கணும். அந்த சும்மா இருக்குறதுதான் கஷ்டம். ஒரு தடவை சரியா அமைஞ்சுச்சு, தள்ளுனேன், எடை மாறுச்சு, கால் எதுவும் பண்ணாமலே ஒடம்பு போய்க்கிட்டிருக்கு, சர்ர்ர்ர்னு ஒரே சத்தம், ஒரு பத்து பன்னெண்டு அடி தூரம் இருக்கும். உடனே மாப்ளைக்கு வீடியோ கால் போட்டேன். ஊர்ல நடுராத்திரி தாண்டி ஒன்றரை. எடுத்தான், தூங்கலையாம். கேமராவ சுத்திக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "டேய், வைகையில தண்ணி இல்லாதப்ப நாம எறங்கி கிரிக்கெட் ஆடலையா? அதே கததான், இங்க தண்ணி கல்லாயிட்டதால ஆடுறானுங்க. இதுக்கா ரெண்டு வருஷம் ஏங்குனோம்?"னான். நான் சிரிச்சுக்கிட்டே போன நீட்டி ஸ்கேட் பண்ணிக் காட்டப் போறேன், ஸ்கிரீன் கறுப்பு. 40 பர்சென்ட் இருந்த பேட்டரி குளிர்ல செத்துப் போச்சு. அண்ணா சொன்னார், போன வெளிச்சட்டைப் பையில வெக்கக்கூடாது, உள்ள ஒடம்போட ஒட்டி வெக்கணும்னு. இத நேத்தே சொல்லியிருக்கலாம் அண்ணா!

டௌஸ் ஏரி வரைக்கும் போயிட்டோம், ரெண்டு கிலோமீட்டர் போல. நல்லா ஸ்கேட் பண்றவங்களுக்குப் பத்து நிமிஷம், எங்களுக்கு ரெண்டு மணி நேரம். அங்க கால்வாய் திடீர்னு அகண்டு ஏரியாயிடுது, காத்து மூஞ்சில அறையுது. வழியில பீவர்டெயில் வாங்குனோம், மாவ நீட்டமா இழுத்து எண்ணெயில பொரிச்சு மேல சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவிக் குடுக்குறாங்க, பீவரோட வாலு மாதிரி இருக்குறதால அந்தப் பேர். அக்கா ஒரு வாய் கடிச்சுட்டு, "இது சக்கரை போட்ட பட்டூராங்க"ன்னாங்க. கரெக்ட்டு. ஆனா மைனஸ் 14ல சூடா இருக்குற பட்டூராவோட மதிப்பே வேற, ரெண்டு சாப்ட்டேன். மேல அண்ணாவோட பிளேன்டீ, இஞ்சி தட்டிப் போட்டது, சீனிய உள்ளங்கையில வெச்சு நக்கிக் குடிக்கச் சொன்னார். சுத்தி நின்ன வெள்ளக்காரங்க எங்களத்தான் பாத்தாங்க.

திரும்பி வர்றப்ப அஞ்சு மணி தாண்டிடுச்சு, வெளிச்சம் போய் கரையில லைட்டு போட்டுட்டாங்க. குளிர் கூடக் கூட ஐஸ் பிடிவாதமா ஆயிட்ட மாதிரி இருந்துச்சு, பிளேடு சர்ருன்னு போகாம கரகரன்னுச்சு. தம்பி வாயத் தொறந்தான். அக்கா பாத்த பார்வையில மூடிக்கிட்டான்.

ஞாயிறு, ஸ்கார்பரோ, வீடு

வந்து சேந்தாச்சு. வலது இடுப்புல ஒரு காயம், கத்திரிக்கா நெறத்துல, கத்திரிக்கா சைஸ்லயே. மாடிப்படி ஏறுறது ஒவ்வொண்ணும் ஒரு வேண்டுதல் மாதிரி இருக்கு.

கெளம்புறதுக்கு முன்னாடி பார்லிமென்ட் பக்கத்துல கால்வாய் ஒட்டாவா ஆத்துல போய் எறங்குற எடத்தப் பாத்தோம். படிக்கட்டு மாதிரி எட்டு மதகு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, எல்லாம் கல்லுக்கட்டு, ஸ்னோல பாதி மூடிக் கெடக்கு. 2007ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தது. அங்க கால்வாய் வெட்டிச் செத்தவங்களுக்காக ஒரு கல் சிலுவை வெச்சிருக்காங்க, அண்ணா தொப்பியக் கழட்டிட்டு கொஞ்ச நேரம் நின்னார், மைனஸ் 17ல. நாங்க வண்டிக்கு ஓடிட்டோம்.

ரோட்டுல ஸ்னோ, ஆறு மணி நேரம் ஆச்சு. பாப்பா முழுக்கத் தூங்குச்சு. எறங்குறப்ப எல்லாருக்கும் மார்க் போட்டுச்சு: அக்காவுக்கு 6, தம்பிக்கு 5, எனக்கு 4, ஆனா விழுறதுல 10.

ஒண்ணு எழுத விட்டுட்டேன். காலையில ஏழரைக்கு எல்லாரும் தூங்குறப்ப நான் மட்டும் ஸ்கேட்ஸ எடுத்துக்கிட்டு தனியா கால்வாய்க்குப் போனேன். நேத்து சனம் கீறிப்போட்ட ஐஸெல்லாம் ராத்திரி தண்ணி பாய்ச்சி மறுபடி வழவழன்னு ஆக்கியிருந்தாங்க, ஆளு ரொம்பக் கொறைவு, தூரத்துல ஒருத்தர் ரெண்டு பேர். மாப்ளைக்கு ஊர்ல அப்ப சாயங்காலம் ஆறு மணி. அவனுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சு போன ஜாக்கெட்டுக்கு உள்ள பனியனோட ஒட்டி வெச்சுக்கிட்டேன், படம் தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும்னு சொன்னேன். அவங்க வீட்டு டிவி சத்தம் என் நெஞ்சுல இருந்து வருது. தள்ளுனேன். வலது, சும்மா இரு, இடது, சும்மா இரு. விழாம ஒரு பாலத்துல இருந்து அடுத்த பாலம் தெரியுற வளைவு வரைக்கும் போயிட்டேன்.

"என்னடா சத்தம் அது, யாராவது தேங்கா துருவுறாங்களா?"

"நான்தாண்டா. உனக்கான ரவுண்டு."

கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டுச்சு, அதையும் யாரோ கொறச்சாங்க.

"ம். இன்னும் அரை மூடி துருவு."